மயிலின் முதுகு

சென்ற ஆண்டு ஐப்பசியில், இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில், எங்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்தார். விடைத்தாள் திருத்தும் முகாம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டார். பிறகு, வானிலை அறிக்கை வாசிப்பவரின் குரலில், "சார், உங்க மயில் ராத்திரி விழுந்துடுச்சு" என்றார்.

"உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டேன். அதுதான் என் வாயில் முதலில் வந்த கேள்வி. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொண்டை மட்டும்தான். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார்.

அந்த மயிலைச் செய்தவன் நான். பழைய வீடு இடிக்கும் இடத்தில் வாங்கிய பலாப் பலகை அது. ஏதோ ஒரு தலைமுறைக்குக் கதவாக இருந்தது. இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம், 3 சென்டிமீட்டர் கனம். ஆவணியில் நண்பரின் புதுமனை புகுவிழாவுக்குப் பரிசளிக்க வேண்டும் என்று, கல்லூரி முடிந்து வந்த மாலைகளில் மூன்று வாரம் செதுக்கினேன். தோகைக் கண்களுக்கு மட்டுமே ஒன்பது மாலைகள் ஆயின. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, பலாவுக்கே உரிய அந்த மஞ்சள் பழுப்பாக மாறுவதை இரவு விளக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். புகுவிழாவுக்கு முதல் நாள் இரவுதான், இதைச் சுவரில் மாட்ட வேண்டுமே என்ற நினைப்பு வந்தது. கண்ணாடிச் சட்டம் போடும் கடையில் கேட்டபோது, விரல் நீளத்தில் ஒரு தகடு கொடுத்தார்கள். கீழ்விளிம்பில் ரம்பம்போலப் பற்கள். இரு நுனியிலும் துளை. கூடவே இரண்டு பொடி ஆணிகள். மயிலைக் குப்புறப் போட்டு, கண்ணளவில் நடுவென்று தோன்றிய இடத்தில் அடித்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அன்று மாலை நண்பரின் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் நான் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. சுவரில் அடித்த ஆணி அசையாமல் இருந்தது. அந்த ஆணியில், என் பல்தகடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தன் இரண்டு பொடி ஆணிகளையும் பிடுங்கிக்கொண்டு, எதையும் தாங்காமல், மிகவும் ஒழுங்காக. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அந்தச் சில்லிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தூளி தொங்கியது. ஐந்து மாதக் குழந்தை அதில் உறங்கிக்கொண்டிருந்தாள். முந்தின இரவும் அதே இடத்தில்தான் உறங்கியிருக்கிறாள்.

நண்பரின் மனைவி, "நான்தான் சார் தினமும் காலைல நிமித்தி வைப்பேன். ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டே இருக்கும். நேத்து மறந்துட்டேன்" என்றார். தவறு தன்னுடையது என்று அவர் நம்பியதுபோலத் தோன்றியது. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நண்பரின் தாயார் ஒன்றும் சொல்லாமல் காப்பி கொண்டுவந்து வைத்தார். அவர் ஏதேனும் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

நண்பர் இயற்பியல்காரர் ஆயிற்றே; சூழ்நிலையை இலகுவாக்கவோ என்னவோ, காகிதம் எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். தகட்டுக்குப் பதில் பின்னால் இரு பக்கமும் வளையம் பூட்டிக் கம்பி கட்டினால் என்ன என்பது என் யோசனை. அவர் ஒரு முக்கோணம் வரைந்தார். கம்பி கிடைக்கோட்டோடு 30 பாகையில் நின்றால், இரு பக்கத்து வளையமும் தனித்தனியே பொருளின் முழு எடையையும் சுமக்கின்றன. பாதிப் பாதி அல்ல. அழகுக்காகக் கம்பியை இறுக்கி முறுக்கி 10 பாகைக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு வளையத்தின் மேலும் விழுவது எடையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 4 கிலோ மயில் ஒவ்வொரு வளையத்தையும் 11.5 கிலோவாக, அதுவும் உள்நோக்கிப் பக்கவாட்டில், இழுக்கும். கம்பி தொய்வாக இருந்தால்தான் பாரம் குறைவு. இறுக்கம் என்றால் பத்திரம் என்று எண்ணுகிறவனுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். எனக்கு இருந்தது.

உடைந்த மயிலையும் கொண்டையையும் ஒரு வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இதை யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. கொண்டுபோக மனம்தான் வரவில்லை.

என் தந்தை தச்சர். பெரம்பலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில், ஐம்பது ஆண்டுகளாக நிலையும் கதவும் மாட்டுவண்டிச் சக்கரமும் செய்தவர். தம் பட்டறைக்குள் என்னை விட்டதில்லை. பள்ளி விடுமுறையில் உளியைத் தொட்டுப் பார்த்ததற்காக அடி வாங்கியிருக்கிறேன். "இது என்னோட போகட்டும்" என்பார். போயிற்று. நான் தமிழ் முதுகலை படித்து விரிவுரையாளனானேன். 2020இல் ஊரடங்கின்போது, வகுப்புகள் கணினித் திரைக்குள் சுருங்கிவிட்ட நாட்களில், எதற்கென்று தெரியாமலே ஒரு செட் உளி வாங்கினேன். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. வெட்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் எனக்காக மூடிய ஒரு கதவை நான் பின்பக்கமாக வந்து திறந்துவிட்டேன் என்ற குற்றவுணர்வும் அதில் இருந்தது. எழுபத்தெட்டு வயதில், உடைந்த மயிலின் மூலமாக அவர் இதைத் தெரிந்துகொள்ளப் போகிறார்.

போகும் வழியில் அரும்பாவூரில் இறங்கினேன். மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள ஒரு சாக்கு என்றுதான் சொல்ல வேண்டும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களின் ஊர் அது. பட்டறைகளில் நின்ற சிற்பங்களையெல்லாம் முன்பு வந்தபோது முகம் பார்த்து வியந்திருக்கிறேன். இந்த முறை ஒவ்வொன்றின் முதுகையும் எட்டிப் பார்த்தேன். ஒரு சிற்பி, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டே விட்டார். அங்கே பெரும்பாலானவற்றுக்கு மாட்டும் கவலையே கிடையாது. பீடத்தோடு செய்யப்பட்டவை, நிற்கத் தெரிந்தவை. தேருக்குச் செய்யும் பலகைச் சிற்பங்களும் தேரின் சட்டங்களோடு சேர்ந்து பூட்டப்பட்டு, வீதியெல்லாம் குலுங்கி வந்தாலும் அசையாமல் இருப்பவை. மரச்சிற்பத்தை ஒற்றை ஆணியில் படம்போலத் தொங்கவிடுவது, சிமெண்டுச் சுவரும் வெறுமையான கூடமும் வந்தபிறகு நாம் பழகிக்கொண்ட வழக்கமாகத்தான் இருக்க வேண்டும். படம் மாட்டுகிற புத்தியில் நான் பலகையை மாட்டியிருக்கிறேன். காகிதமும் கண்ணாடியும் கொண்ட ஒரு சட்டத்துக்காகச் செய்த தகடு, கதவின் துண்டைத் தாங்கும் என்று நம்பியிருக்கிறேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வேட்டி முடிச்சை அவிழ்த்து மயிலை அவர் முன்னால் வைத்தேன். நான் செய்தது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மயிலின் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தார். உடனே திருப்பிப் போட்டார். முதுகில் தகடு இருந்த இடத்தில் இரண்டு சிறு ஓட்டைகள். ஓட்டைகளைச் சுற்றி மரம் கசங்கி, பிய்ந்திருந்தது. அதைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"கோணலாத் தொங்குச்சா?"

"ஆமாப்பா."

"யாரோ தினம் நிமித்தியிருக்காங்க."

நான் சொல்லாத செய்தி அது. வட்டமாக இருக்க வேண்டிய ஆணித் துளைகள் பக்கவாட்டில் நீண்டிருந்ததைக் காட்டினார். ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் பொடி ஆணி ஒரு மயிரிழை அசைந்திருக்கிறது. இரண்டு மாதத்தில் தன் பிடியைத் தானே தின்றுவிட்டது. மழைக்காலத்து ஈரமும் சேர்ந்துகொண்டது. நண்பரின் மனைவி நிமிர்த்த மறந்ததால் விழவில்லை; நிமிர்த்தியதால்தான் விழுந்தது. நிமிர்த்த வேண்டி வந்தது என்னால். (இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஊர் திரும்பும் வரை யோசித்து, கடைசியில் சொல்லாமலே விட்டுவிட்டேன்.)

கோணலுக்குக் காரணம் கண்டுபிடிக்க அப்பாவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். மயிலின் கழுத்துக்கும் தோகைக்கும் இடையில் நான் குடைந்திருந்த துளையை அதில் மாட்டி, முதுகு எங்களைப் பார்க்கும்படி தொங்கவிட்டார். அதே ஆணியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, நூல் ஆடி அடங்கியதும், நூலையொட்டிச் சாக்கட்டியால் கோடிழுத்தார். பிறகு தோகை நுனியின் இன்னொரு துளையில் மாட்டி இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்ட இடம்தான் பாரத்தின் நடு. மூன்றாவதாக வேறொரு துளையிலிருந்து இழுத்தாலும் கோடு அந்தப் புள்ளி வழியாகத்தான் போகும். சந்தேகமிருந்தால் இழுத்துப் பார் என்றார். இழுத்துப் பார்த்தேன். போயிற்று. என் தகடு அந்தப் புள்ளிக்கு நேர் மேலே இருந்திருக்க வேண்டும். மூன்று விரற்கடை விலகி இருந்தது. தகட்டில் இருந்த பற்களெல்லாம் சேர்ந்தே இரண்டு விரற்கடைதான். எந்தப் பல்லில் மாட்டினாலும் கோணல் கோணல்தான். கண்ணுக்கு நடுவாகத் தெரிவது மயிலின் உருவத்துக்கு நடு. தோகைப் பக்கத்து மரம் கனமாகவும், கழுத்துப் பக்கம் நான் குடைந்தெடுத்ததால் லேசாகவும் இருந்ததை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் எப்படி அறிவான்?

தொழில் புத்தி யாரை விட்டது. அந்த நூல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தமிழ் வகுப்பு நினைவு வந்துவிட்டது. 'தூக்கு' என்ற ஒரே சொல்தான் உயர்த்துவதற்கும், தொங்கவிடுவதற்கும், எடை போடுவதற்கும். இரு பக்கமும் சமன் பார்த்துத் தீர்மானிப்பதைச் 'சீர்தூக்குதல்' என்கிறோம். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் செய்யுள் உறுப்புகளிலும் தூக்கு ஒன்று. கிளை நுனியில் கூடு தொங்கவிடும் குருவிக்கும் தூக்கணாங்குருவி என்றுதான் பெயர். தொங்கவிடுகிறவன் எடை பார்க்க வேண்டும் என்பதை நம் மொழி ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. அந்த மொழியைப் பிழைப்பாகக் கொண்டவன் அதைச் செய்யவில்லை. இப்படி நான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே போனபோது அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "வகுப்பு முடிஞ்சுதா? அந்த ரீப்பரை எடு" என்றார்.

ஒன்றரை அங்குல அகலமுள்ள தேக்கு ரீப்பர். மயிலின் அகலத்துக்குள் அடங்கும்படி பத்து அங்குல நீளத்துக்கு அறுத்தார். அதை நீளவாக்கில், செங்குத்தாக அல்லாமல் 45 பாகை சாய்வாக, இரண்டாகப் பிளக்க வேண்டும். அறுத்தவன் நான், அப்பாவின் கை இப்போது நடுங்குகிறது. ஒரு பாதியை மயிலின் முதுகில், சாய்ந்த விளிம்பு கீழ்நோக்கிச் சுவர்ப்பக்கம் வாய் திறந்திருக்கும்படி பூட்ட வேண்டும். மற்றப் பாதி சுவரில், சாய்ந்த விளிம்பு மேல்நோக்கி. மயிலைச் சற்று உயர்த்தி இறக்கினால் ஒன்றின் வாய் மற்றொன்றின் மேல் அமர்ந்துகொள்ளும். பாரம் கூடக் கூட, சாய்வு மயிலைச் சுவரோடு சேர்த்து இழுக்குமே தவிர வெளியே தள்ளாது. பாரத்தின் நடு அந்தப் பத்து அங்குலத்துக்குள் எங்கே விழுந்தாலும் மயில் சாயாது. நிமிர்த்த யாரும் வர வேண்டியதில்லை. அடுக்களை அலமாரிகளை மாட்டுவதற்கு அவர் எப்போதும் செய்துவந்ததுதான். இதற்கு அவரிடம் பெயர் எதுவும் இல்லை. ஆங்கிலப் புத்தகங்களில் பிரெஞ்சு கிளீட் என்று ஒரு பெயர் இருப்பதாகச் சொன்னேன். "அவங்களும் செய்றாங்களா" என்றார், மகிழ்ச்சியாகவே.

கட்டையை முதுகில் பூட்டியதுதான் நான் அவரிடம் முறையாகக் கற்ற முதல் பாடம் என்று சொல்ல வேண்டும். பெவிகாலை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். பலகையின் ரேகை மேலிருந்து கீழாக ஓடுகிறது, கட்டையின் ரேகை குறுக்கே ஓடுகிறது. மரம் ரேகையின் நீளத்தில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலத்தில் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். கார்த்திகை மாதத்தில் சாத்த மறுக்கிற கதவு எல்லார் வீட்டிலும் உண்டல்லவா? குறுக்குக் கட்டையைப் பசை போட்டு ஒட்டிவிட்டால், பலகை அசைய முயன்று, முடியாமல், ஒரு சித்திரையில் நடுவே வெடித்துக்கொள்ளும். ஆகவே பசை இல்லை. மூன்று திருகாணிகள். நடுத் திருகாணிக்குக் கட்டையில் வட்டத் துளை, இறுக்கமாக. ஓரத்து இரண்டுக்கும் கட்டையில் நீள்துளை. திருகாணியின் தலை கட்டையைப் பிடிக்கும், ஆனால் பலகை ஒரு நூலளவு நகர இடம் கொடுக்கும். "அறுபது வருஷத்துப் பலகையாச்சே, இன்னுமா அசையும்?" என்று கேட்டேன். "நீ அசையறல்ல?" என்றார்.

எங்கே துளையிடுவது என்பதற்கு அவர் அளவுகோலை நம்பவில்லை. முன்பக்கம் ஒரு விரல், பின்பக்கம் ஒரு விரல் வைத்து, தோகையின் பள்ளங்களையெல்லாம் கிள்ளிப் பார்த்தார். நான் பெருமையோடு ஆழமாகக் குடைந்த இடங்களில் மரம் 1 சென்டிமீட்டர்கூட மிச்சமில்லை. அவற்றைத் தவிர்த்து, முழுக் கனம் இருக்கும் மூன்று இடங்களைக் குறித்தார். கட்டை 20 மில்லிமீட்டர், திருகாணி ஒன்றரை அங்குலம். ஆக, மயிலுக்குள் இறங்குவது 18 மில்லிமீட்டர். முகத்துக்கு இன்னும் 12 மிச்சம். துளையிடும் அலகில் அந்த ஆழத்துக்கு ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றச் சொன்னார். நாடா மரத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். பித்தளைத் திருகாணி மென்மையானது, முறுக்கினால் தலை ஒடிந்துவிடும். அதனால் முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை இறக்கிப் புரி வெட்டிவிட்டு, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையைப் போட வேண்டும். நான் சோப்புத் துண்டைத் தேடினேன், திருகாணியில் தடவ. சோப்பு ஈரத்தை இழுக்கும், மெழுகுவர்த்தி கொண்டுவா என்றார். அடியில், கட்டையின் கனத்துக்கே ஒரு சிறு துண்டு. இல்லாவிட்டால் மயிலின் கால் சுவரில் ஒட்டித் தலை முன்னால் குனிந்து நிற்கும். சுவருக்கும் பலகைக்கும் இடையே இப்படிக் காற்றோட இடம் விட்டால் ஈரம் தங்காது, கரையான் ஏறினாலும் கண்ணில் படும். பல்லி குடியிருக்கும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல தச்சன் யாரும் பார்க்காத பின்பக்கத்தையும் முன்பக்கம்போலவே இழைப்பான் என்றொரு கருத்து எனக்கு இருந்தது. எங்கே படித்தேனோ தெரியாது; வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். கட்டையைப் பூட்டியபின் மயிலின் முதுகு கரடுமுரடாக, பழைய கதவின் சுண்ணாம்புக் கறையோடு இருப்பது உறுத்தவே, இழைப்புளியைக் கையில் எடுத்தேன்.

"எதுக்கு?"

"பின்பக்கமும் அழகா இருக்கட்டும்னு..."

"அங்க யாரு பாக்கப் போறா? இழைச்சா கனம் கொறையும். கூலி யாரு தருவா?" என்று சிரித்தார். தாம் செய்த எந்த அலமாரியின் முதுகையும் இழைத்ததில்லையாம். முதுகு அழகாக இருக்கத் தேவையில்லை, வலுவாக இருந்தால் போதும் என்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. வகுப்பில் சொன்னதை எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியவில்லை.

ஒடிந்த கொண்டையை மட்டும் பசை போட்டு ஒட்டினோம். கோடு தெரிகிறது. கொண்டை இறகுகளை ரேகைக்குக் குறுக்கே நீட்டிவிட்டிருந்தேன். கீழே விழாவிட்டாலும் யாராவது துடைக்கும்போது ஒடிந்திருக்கும் என்றார். மயிலின் முகப்பைப் பற்றி இரண்டு நாளில் அவர் சொன்ன ஒரே சொல் அதுதான். நான் வேறொன்றுக்காகக் காத்திருந்தேன் என்பதை மறைப்பானேன். ஆனால் இரண்டாம் நாள் மாலை, நான் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். பட்டறையில் தனியாக உட்கார்ந்து, மயிலை மடியில் முகம் மேலாக வைத்துக்கொண்டு, தோகைக் கண்களில் ஒவ்வொன்றாக விரல் நுனியை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். எண்ணுகிறாரா, சொரசொரப்புப் பார்க்கிறாரா தெரியவில்லை. நான் இன்னொரு முறை கை கழுவினேன்.

அன்றிரவு பட்டறைச் சுவரில் மற்றப் பாதிக் கட்டையைப் பூட்டி, 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் கயிற்றால் அதில் தொங்கவிட்டார். விடிந்தபோது அப்படியே தொங்கியது. அம்மா வந்து, பிரிக்கலாமா கூடாதா என்று கேட்டு, அதிலிருந்தே படியால் அளந்து உலைக்கு எடுத்துப்போனார்.

ஆனால் அது அப்பாவின் சுவர். நண்பரின் சுவர் வேறு. செங்கல்லின் மேல் அரை அங்குலச் சிமெண்டுப் பூச்சு. பூச்சுக்குப் பிடிமானம் என்று எதுவும் கிடையாது, திருகாணி அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும், இரண்டு கல் சேரும் சாந்துக் கோட்டில் விழுந்துவிடவும் கூடாது. முன்பெல்லாம் சுவரில் குடைந்து மர முளை அடிப்பார்கள்; இப்போது பிளாஸ்டிக் முளை வந்துவிட்டது, அதுவே போதும், துளையின் தூளை ஊதிவிட்டு அடி என்று சொல்லி அனுப்பினார். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை போனேன். ரசமட்டம் வைத்துக் கட்டையைப் பூட்டினேன். இடமும் வேறு: தூளிக்கு எதிர்ச்சுவரில், கீழே யாரும் படுக்காத இடமாகப் பார்த்து. நண்பரின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை. பழைய ஆணியைப் பிடுங்கி, அந்த ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்தேன்.

மயிலை எடுத்து உயர்த்தும் வேளையில், நண்பரின் தாயார் அடுக்களையிலிருந்து வந்தார். இடுப்பில் குழந்தையைப்போல எதையோ பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தார். அம்மிக் குழவி. "மயிலு இருக்கட்டும் தம்பி. மொதல்ல இதை மாட்டுங்க" என்றார்.

தூளி கட்டிய நாளில், குழந்தையைப் போடுமுன் அதே குழவிக்கல்லைத்தான் அதில் இட்டு ஆட்டினார்களாம். அவர் அதைச் சடங்கென்று சொன்னார். குழந்தைக்கும் அந்தக் கல்லுக்கும் தமிழில் ஒரே பெயர் என்று நான் வாய் திறந்திருப்பேன். அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன். சேலை முடிச்சைக் கட்டையின் சாய்வுக்குப் பின்னால் கொடுத்துத் தொங்கவிட்டோம். மயிலைவிடக் கல் கனம். ஒரு இரவு இருக்கட்டும் என்றார். மயிலைச் சோபாவின் மேல் முகம் மேலாக வைத்துவிட்டுத் திரும்பினேன். அன்றிரவு சரியாக உறங்கவில்லை.

காலை ஏழரைக்கு நண்பர் அழைத்தார். எடுத்த எடுப்பிலேயே, "அம்மாவுக்குக் குழவி வேணுமாம், தேங்காய்ச் சட்னிக்கு. நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுங்கறாங்க. நானே மயிலை மாட்டிடட்டுமா?" என்றார். எப்படி என்று சொன்னேன். சுவரோடு ஒட்டிப் பிடித்து, நினைத்த உயரத்துக்கு இரண்டு விரல் மேலே தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும்; மரத்தில் மரம் உட்காரும் ஓசை கேட்டால் கையை எடுத்துவிடலாம். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நடக்கும் ஓசை கேட்டது. பின்னால் யாரோ "பாத்து, பாத்து" என்றார்கள். குழந்தை ஏதோ கூவினாள். பிறகு சற்றுத் தாமதித்து, தூரத்தில், 'டொக்' என்றது.